ஓடாத வண்டியில் ஏறிய மேடு

மேட்டுச் சாலையின் கடைசி வீட்டில் யாரும் ரொட்டி வாங்குவதில்லை. அந்த வீட்டுப் பெரியவருக்கு மெல்ல முடியாது. அவர் மகளுக்கு ரொட்டி பிடிக்காது. ஆனாலும் என் ஓரகத்தி அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு நாளும் மணி அடிக்காமல் போனதில்லை. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. நிற்கமாட்டாள், எட்டிப் பார்க்கமாட்டாள், மிதித்துக்கொண்டே போய்விடுவாள்.

இதை அவள் என்னிடம் சொன்னதே கிடையாது. தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்த அந்த மகள்தான் சொன்னாள்.

"அப்பா படுத்த படுக்கையா ஆகி வருஷக் கணக்காச்சுங்க. விடிஞ்சதா இல்லையான்னே தெரியாம கிடப்பாரு. ஒரு நாள் ரொட்டிக்காரம்மா மணி அடிச்சதைக் கேட்டுட்டு, 'யாரு, என்னையா கூப்பிடறாங்க?'ன்னு கேட்டாரு. அதை வாசல்ல நின்னு அந்தம்மாகிட்ட சும்மா சொன்னேன். மறுநாள்லேருந்து அது அவருக்குன்னே அடிக்கிற மணி ஆயிடுச்சு. அது கேட்ட பிறகுதான் இப்ப அவருக்குப் பொழுதே விடியுது."

மாலையில் ஓரகத்தியிடம் கேட்டேன்.

"அதுவா? அடிக்காம விட்டா மணி துருப்பிடிச்சுடும்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

அவள் அப்படித்தான். நல்லது செய்தால் திருட்டுத்தனம் செய்தவள் போல நழுவிவிடுவாள்.

அவள் கணவரும் என் கணவரும் கூடப்பிறந்தவர்கள். கீழே நாங்கள், மாடியில் அவர்கள். என் வீட்டுக்காரரை ஆண்டவன் சீக்கிரமே அழைத்துக்கொண்டான். அதன் பிறகு நானும் என் தையல் மெஷினும்தான் கீழே. மாடியில் அவளும், பஸ் கண்டக்டரான என் கொழுந்தனும். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் வேலையாக இருந்தாள்.

பொழுது புலருமுன் அவள் பேக்கரிக்குப் போவாள். கனமான கறுப்பு சைக்கிள், பின் கேரியரில் பெரிய தகரப் பெட்டி. அடுப்பிலிருந்து வந்த ரொட்டியும் பன்னும் அதில் அடுக்கியிருக்கும். "குளிர் காலத்துல முதுகுக்குப் பின்னாடி ஒரு கணகணப்பு இருக்கும் பாருங்க, அதுக்காகவே இந்த வேலைக்குப் போகலாம்" என்பாள். அவள் வீடு வீடாக ரொட்டி போடுகிற லைன் மேட்டுச் சாலை. பால் பூத்தில் தொடங்கி, வளைவு தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஏற்றம்தான். ஆம்பளைகளே பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற சாலை. இவள் இறங்கமாட்டாள்.

அந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. வளைவில் ஈர இலை மேல் சக்கரம் ஏறி வழுக்கிவிட்டது. பெட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டார்கள். பேக்கரியில் அவள் லைனை மோட்டார் பைக் வைத்திருந்த ஒருவரிடம் தற்காலிகமாகக் கொடுத்தார்கள்.

கட்டுப் பிரித்த வாரம் பேக்கரி மேனேஜர் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. ஆப்பிள் எல்லாம் வாங்கி வந்திருந்தார்.

"உங்களை ஒண்ணும் விட்டுட மாட்டோம்மா. பேக்கிங் ரூம்ல உக்காந்த வேலை. அதே சம்பளம். மழை இல்ல, வெயில் இல்ல."

"உக்காந்தா நானும் உங்க பன்னு மாதிரி உப்பிடுவேன் சார். எனக்கு என் லைனைக் கொடுங்க."

"கால் இருக்கிற இருப்புல எப்படிம்மா? நாளைக்கு நடு ரோட்டுல விழுந்தா யாரு பதில் சொல்றது?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இப்படி வச்சுக்குவோம். மழை ஓயட்டும். ஒரு நாள் பெட்டி நிறைய ஏத்திக்கிட்டு, கீழேருந்து உச்சி வரைக்கும் காலைத் தரையில வைக்காம ஏறிக் காட்டுங்க. ஏறிட்டீங்கன்னா லைன் உங்களுது. வச்சுட்டீங்கன்னா பேக்கிங் ரூம். அப்புறம் பேச்சில்லை."

"பேச்சில்லை" என்றாள் அவளும்.

அவர் போன பிறகு என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ரூமுக்கு ஜன்னல்கூட கிடையாதுக்கா" என்றாள்.

அன்று காலைதான் பெரியவரின் மகள் இன்னும் சில உறைகள் தைக்கக் கொடுக்க வந்து, "இப்ப வர்றவரு மணியே அடிக்கிறதில்லைங்க. அப்பா கண்ணை மூடிக்கிட்டே கிடக்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை இவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் சொன்னேன். கணுக்காலை ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா, "தினமும் சைக்கிள் மிதிங்க, அதுதான் இந்தக் காலுக்கு மருந்து" என்று சொன்னார். கூடவே, "ஈர ரோட்டுல மட்டும் போயிடாதீங்க" என்றும் சொன்னார். ஊரில் ஈரமில்லாத ரோடு எங்கே இருந்தது? வானம் ஓட்டையானது போலக் கொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குள்ளயே மிதிச்சா போச்சு" என்றாள் அவள்.

சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுக் கூடத்தில் டபுள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். பின் சக்கரம் தரையில் படாமல் எழும்பி நின்றது. நாமெல்லாம் சின்ன வயதில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதிக்காமலா வளர்ந்தோம்? அதேதான். இவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் விர்ரென்று சுற்றியது.

"அடேங்கப்பா, என்ன லேசா இருக்கு! காலு சரியாயிடுச்சுங்க!"

கொழுந்தன் கதவோரம் நின்று விசில் ஊதினார். "ஏறும்மா, ஏறு, உள்ள எடம் இருக்கு. வண்டி எங்க போகுது?"

"மேட்டுச் சாலை."

"ஏறி உக்காந்து அரை மணியாச்சு, வண்டி இன்னும் டிப்போவை விட்டே கிளம்பல. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு."

தினமும் காலையும் மாலையும் மிதித்தாள். எனக்குக் கீழே லேசான விர்ர் சத்தம் மட்டும் கேட்கும். அவள் முகம் தெளிந்தது. நானும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன், கொஞ்சம் அவசரப்பட்டு.

ஒரு சாயங்காலம் மழை விட்டது. தெரு முனையில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. ஏற்றமென்று சொல்லக்கூடத் தகுதியில்லாத ஏற்றம். "காய்ஞ்சுதான் இருக்கு, ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டிகூடக் கட்டவில்லை. பாலத்தில் பாதி ஏறியதும் கால் நடுங்கிவிட்டது. தரையில் வைத்துவிட்டாள்.

தள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வெறும் காத்தை மிதிச்சிருக்கேன்க்கா. இத்தனை நாளும் வெறும் காத்து. சக்கரம் எதையும் தொடவே இல்ல. எது என்னை எதிர்த்துச்சு, கால் பலப்படறதுக்கு?"

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. மூன்று பேரில் ஒருத்தி அன்றாடம் மிதித்துப் பிழைக்கிறவள், ஒருத்தி தையல் மெஷின் மிதிக்கிறவள், ஒருத்தர் பெரிய வண்டியிலேயே வாழ்கிறவர். ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் காலை அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. அதே ஸ்டாண்டில் ஏறி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்திருக்கிறாள். ஸ்டாண்டு மடங்கிவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், சைக்கிள் அவளோடு பாய்ந்து போய்த் துணி அலமாரியில் முட்டி நின்றது. நான் கீழே பிரார்த்தனையில் இருந்தேன். தடாலென்று சத்தம், கூரையிலிருந்து காரை பெயர்ந்து என் புத்தகத்தின் மேலேயே விழுந்தது. "ஆண்டவனே, கேட்டதுக்கு இதுவா பதில்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மேலே ஓடினேன். அலமாரிக் கதவு பிளந்திருந்தது. அவள் என் கொழுந்தனின் யூனிபார்ம் சட்டைகளுக்குள் தலையை விட்டபடி சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் படவில்லை.

"பாத்தீங்களா அக்கா, காலை வைக்கல."

கொழுந்தன், "வண்டி கடைசியில டிப்போவை விட்டுக் கிளம்பிடுச்சு" என்றார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. சிரித்து முடித்தபின் அவர்தான் சொன்னார். "நம்ம பஸ்ல ஒருத்தர் வருவாரு, சைக்கிள் ரேஸ் போறவரு. மழைக் காலத்துல வீட்டுக்குள்ளயே மிதிக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு இருக்காம். சக்கரத்தை ஒரு உருளை அழுத்திப் பிடிச்சுக்குமாம். ஏத்தம் மாதிரியே கனக்குமாம். போய்ப் பாப்போமா?"

பெரிய சைக்கிள் கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் தாடி வைத்தவர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் காட்டினார்.

முதலில் காட்டியது, பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு வண்டியை மாட்டுகிற ஒரு பெட்டி. சத்தமே வராது. செல்போனோடு சேர்த்துவிட்டால் திரையில் மலை வரும், நாம் மிதிக்க மிதிக்க மலை நகரும்.

"பெடல்ல கனம் தானா ஏறும்மா. மலை செங்குத்தா போச்சுன்னா கால்ல தெரியும்."

விலையைக் கேட்டதும் கொழுந்தன், "எங்க பஸ்ஸை அப்படியே வித்தா வருமா?" என்றார்.

அவள் திரையில் ஓடிய மலையைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தாள். பிறகு, "அழகாதான் இருக்கு. ஆனா அந்த மலையில எனக்கு யாரையும் தெரியாதே" என்றாள்.

அடுத்தது மூன்று உருளைகள் வைத்த ஒரு சட்டம். அதன் மேல் சைக்கிளை அப்படியே விட்டு ஓட்ட வேண்டும், பிடிமானம் எதுவும் கிடையாது. விலை குறைவு. ரேஸ்காரர்கள் நிதானம் பழக அதைத்தான் வாங்குவார்களாம்.

"வேணாங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு கணுக்கால்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். பழையது, மலிவு. கொழுந்தனுக்கு அது பிடித்துப்போயிற்று. அவள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

"இது சோபா மாதிரி இருக்கு. சீட்டு வேற, கைப்பிடி வேற. இதுல பழகிட்டு என் வண்டியில ஏறினா உடம்பு திரும்ப முதல்லேருந்து கத்துக்கணும். எனக்கு என் வண்டிதாங்க வேணும். அதை நிறுத்தி வச்சு, எதிர்த்து நிக்கிற மாதிரி ஒண்ணு கொடுங்க."

அப்போதுதான் தாடிக்காரர் பின்னால் போய் ஒரு மடக்குச் சட்டத்தை எடுத்து வந்தார். பின் அச்சின் இரண்டு முனையையும் கவ்விப் பிடிக்கும். கீழே ஒரு உருளை டயரை அழுத்தும். உருளைக்குள் காந்தம். கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் லீவரைத் தள்ளத் தள்ளக் காந்தம் இறுகும், பெடல் கனக்கும். ஒருவர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தது. அதனால் விலை எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"ஏன் திருப்பிக் கொடுத்தாரு? ரிப்பேரா?" என்றார் கொழுந்தன்.

"ரிப்பேர் இல்ல சார். சத்தம். கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம்."

ஓரகத்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் அங்கே தொங்கிய ஒரு சைக்கிள் மணியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

"அப்போ வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"காலையில நீங்க பிரார்த்தனை பண்ற நேரம்தான் நான் மிதிக்கிற நேரம். உங்க தலைக்கு நேர் மேல. வேற பாப்போம்க்கா."

"வேற எதைப் பாப்ப? எல்லாத்தையும் பாத்தாச்சு."

"பேக்கிங் ரூமைப் பாப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண் விளையாடவில்லை.

"ஏம்மா, நான் கல்யாணமாகி வந்ததிலேருந்து உன் காலுக்குக் கீழ தையல் மெஷின் ஓட்டறேன். அவசரத் துணின்னா விடியவும் ஓட்டுவேன், அர்த்த ராத்திரியிலயும் ஓட்டுவேன். ஒரு நாளாவது மேலேருந்து தட்டியிருக்கியா? ஆண்டவனுக்குக் காது மந்தம் இல்ல. சத்தத்துக்கு நடுவுலயும் கேட்டுக்குவாரு. வாங்கு."

"அண்ணி சொல்லிட்டாங்க, ரைட்!" என்றார் கொழுந்தன், தாடிக்காரரைப் பார்த்து.

எங்கள் சைக்கிள் அதில் லேசில் பொருந்தவில்லை. டபுள் ஸ்டாண்டு குறுக்கே நின்றது. பின் அச்சின் நட்டுகள் கட்டையாக இருந்ததால் கவ்வி பிடிக்கவில்லை. தாடிக்காரர் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, அச்சுக்கு நீளமான நட்டு போட்டுக் கொடுத்தார். இப்படி ஒன்று வாங்க நினைக்கிறவர்கள் தங்கள் வண்டியையும் கூடவே கடைக்குக் கொண்டுபோவது நல்லது. வெறும் கையோடு போய் வாங்கி வந்து வீட்டில் மாட்டிப் பார்த்தால் அழுகைதான் வரும்.

முதல் நாள் மிதித்தபோது, மாடியில் மாவு மில் திறந்துவிட்டார்களோ என்று தோன்றியது. என் மேஜையில் கத்தரிக்கோல் தானே நகர்ந்தது. பிரார்த்தனையில் ஒரு வரி சொன்னால் அடுத்த வரி மறந்தது. ஆனாலும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னது சொன்னதுதானே. அன்றைக்கே வெட்டுத் துணியெல்லாம் சேர்த்து, நடுவில் பழைய கம்பளி வைத்து, நாலைந்து மடிப்பாகக் கெட்டியான ஒரு மெத்தை தைத்தேன். சட்டத்துக்கு அடியில் அதைப் போட்டதும் தரை அதிர்வது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி டயரில் இருந்தது. பட்டன் பட்டனாக இருந்த புது டயர் உருளையில் உரசி உறுமியது. தேய்ந்துபோய் மொழுமொழுவென்று ஆனதால் தூக்கிப்போட வைத்திருந்த பழைய டயரை அவள் மாட்டினாள். அதன் பிறகு உறுமல் ஒரு முணுமுணுப்பாக அடங்கியது.

கொழுந்தன் பங்குக்கு அவரும் ஒன்று செய்தார். முன் சக்கரத்துக்கு அடியில் பின் சக்கரத்தின் உயரத்துக்குச் சமமாக ஒரு கட்டை வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் சமமாக வைக்காமல், கட்டை மேல் தகர டப்பா, டப்பா மேல் பலகை என்று அடுக்கிவிட்டார். "மேடு ஏறணும்னா முன்பக்கம் தூக்கித்தானே இருக்கணும்?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டிலிருந்து பின்னால் வழுக்கிக்கொண்டே போனாள். பெடலில் ஒரு குண்டுமணி எடைகூடக் கூடவில்லை.

"மேடு லீவர்ல இருக்குங்க, டப்பாவுல இல்ல."

"பாத்தா மேடு மாதிரிதானே இருக்கு?"

"பாக்கறதுக்கு நான் பஸ்ல போற பயணியா?"

டப்பா இறங்கியது. என் துணி வெட்டும் பலகை முன் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் சாலையை மிதித்தாள். பால் பூத் வரைக்கும் லீவரைத் தொடமாட்டாள். வளைவு வந்ததாக நினைத்ததும் லீவரை இரண்டு பல் தள்ளுவாள். பள்ளிக்கூடச் சுவருக்கு இன்னும் ஒன்று. கடைசிப் பெருமேட்டுக்கு லீவர் போகிற வரை போகும். சத்தம் கனத்து, மெதுவாகி, இழுத்து இழுத்து வரும். கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஊசியில் நூல் கோத்தபடியே, "இப்ப வளைவு" என்று சொல்லிக்கொள்வேன். ஆரம்பத்தில் வளைவிலேயே சத்தம் நின்றுவிடும். அப்போது என் வாயும் நின்றுவிடும், பாதிப் பிரார்த்தனையில். கொஞ்ச நாளில் சுவர் வரைக்கும் வந்தாள். பிறகு சுவரையும் தாண்டினாள். எனக்கு மறந்துபோன வரிகள் அவள் மிதிக்கிற தாளத்துக்குத் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன.

மேலே போய்ப் பார்த்தால் வியர்வை ஆறாக ஓடும். மின்விசிறி முகத்துக்கு நேரே, கைப்பிடி மேல் துண்டு, டயருக்கு அடியில் கறுப்பு கறுப்பாக ரப்பர் தூள். ஜன்னலுக்கு வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கும்.

"எங்க இருக்க?" என்பேன்.

"கடைசி வீட்டுக்குக் கீழ" என்பாள் மூச்சு வாங்க.

ஒரு காலையில் சத்தம் சுவரைத் தாண்டி, கடைசி மேட்டின் இழுவையில் அறுந்துவிடுமோ என்று இழைந்து இழைந்து வந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. திடீரென்று மணி கேட்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. வீட்டு மாடியில், மழைக்கு நடுவில். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன்.

மழை ஓய்ந்தது. அவள் மேனேஜரிடம் போய் நாள் கேட்டு வந்தாள். மொழு டயரைக் கழற்றி நல்ல டயரை மாட்டினாள். ஸ்டாண்டைத் திரும்பப் பூட்டினாள்.

அன்றைக்குக் கொழுந்தனுக்கு மேட்டுச் சாலையில் முதல் டிரிப். நானும் அந்த பஸ்ஸிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பால் பூத் முன்னால் மேனேஜர் ஸ்கூட்டரில் காத்திருந்தார். மோட்டார் பைக்காரரும் வந்திருந்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பெட்டியில் ரொட்டி நிறைந்து மூடி மூடவில்லை.

அவள் ஏறி மிதிக்கத் தொடங்கவும் வானம் கறுத்து ஒரு தூறல் போட்டது. பாழாய்ப் போன மழைக்குப் பொறுக்கவில்லை.

மேனேஜர் பக்கத்தில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே, "ஏம்மா, இன்னொரு நாள் வச்சுக்கலாம்மா! ரோடு நனையுது!" என்று கத்தினார்.

"மழைக்குத் தெரியாமத்தான் சார் இத்தனை நாள் பழகினேன். இன்னைக்கு அதுவும் பாத்துட்டுப் போகட்டும்!"

பஸ் அவளுக்குப் பின்னால் ஊர்ந்தது. டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனார்.

"அண்ணே, கையை எடுங்க. முன்னாடி போறது என் பொண்டாட்டி."

"அப்போ எப்பண்ணே நாம போறது?"

"அவ போன பிறகு."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுய்யா, அந்தம்மாவை ஓரமா போகச் சொல்லு" என்றார். முன்னால் நின்ற நர்ஸ் ஒருத்தி திரும்பி, "அவங்க காலை வச்சா அவங்க லைன் போயிடுமாம். சும்மா இருங்க சார்" என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். என் கொழுந்தன் அதற்குள் டிக்கெட்டோடு சேர்த்து எல்லாருக்கும் கதையையும் கொடுத்திருந்தார். ஆபீஸ்காரர் எழுந்து முன்னால் வந்து அவரும் கண்ணாடி வழியே பார்க்கத் தொடங்கினார்.

வளைவு வந்தது. அவள் விழுந்த இடம். ஈர இலைகள் அங்கேயே கிடந்தன. அவள் வேகம் குறைத்து, இலைகளை விட்டு உள்பக்கமாக வளைத்து எடுத்துப் போனாள். பள்ளிக்கூடச் சுவர். அவள் முதுகு ஒவ்வொரு மிதிக்கும் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த சாய்வு. கண்ணை மூடினால் எங்கள் மாடிச் சத்தமே காதில் கேட்டது. இன்னும் ஒரு பல் தள்ளு, இன்னும் ஒரு பல் என்று என் கால் செருப்புக்குள் மிதித்தது.

கடைசி மேடு. சைக்கிள் நின்றுவிடும் போல ஆனது. முன் சக்கரம் அல்லாடியது. இடது கால் பெடலில் நடுங்குவது பஸ்ஸுக்குள் இருந்தே தெரிந்தது. "ஆண்டவனே, அவளுக்குச் சொந்தமான சாலை" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வீட்டு வாசல். மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தாள். உள்ளே ஜன்னல் திறந்திருந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த ஓரகத்தியின் கட்டைவிரல் மெல்ல நீண்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

"அப்பா முழிச்சுக்கிட்டாரு!" என்று மகள் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறியவள் போல அவள் எஞ்சியிருந்ததையும் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில், சமதரையில், ஒரு வட்டம் போட்டுத் திரும்பி நின்று, அதன் பிறகுதான் காலை வைத்தாள். கொழுந்தன் ஊதிய விசிலுக்கு ஆஸ்பத்திரிக் காவலாளி அறையை விட்டு ஓடி வந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆபீஸ்காரர்தான் கடைசி வரைக்கும் தட்டினார்.

மேனேஜர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "நாளையிலேருந்து வந்துடுங்கம்மா."

"நாளைக்கா? பெட்டியில இருக்கறது ஆறிப் போயிடும் சார். இன்னைக்கே கொடுத்துட்டு வந்துடறேன்."

மோட்டார் பைக்காரர் சிரித்துக்கொண்டே, "அக்கா, அந்தக் கடைசி வீட்டுல ஒண்ணும் வாங்க மாட்டாங்களே, அங்க எதுக்கு மணி?" என்றார்.

"துருப்பிடிச்சுடும்ப்பா" என்றாள் அவள்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக் காலத்திலும் அந்த இரும்புச் சட்டம் மாடிக் கூடத்தில் விரியும். வெயில் வந்தால் கட்டிலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். பெரியவர் காலமான பிறகும் அந்த வாசலில் அவள் மணி அடிப்பதை நிறுத்தவில்லை. "பொண்ணு ஒருத்தி இருக்காளே, அவளும் முழிக்க வேணாமா?" என்பாள். என் முட்டி வலியைப் பார்த்துவிட்டு ஒரு மழை நாளில் என்னையும் அந்த வண்டியில் ஏற்றி உட்கார வைத்தாள். நான் பயந்துபோய்க் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். "நின்ன இடத்துலயே இருக்கு அக்கா, எங்கயும் போகாது" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கொழுந்தன் ஓய்வு பெற்றதும் மகள் இருக்கிற ஊரோடு போய்விட முடிவு செய்தார்கள். அங்கேயும் ஒரு பேக்கரியில் பேசி வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். அவள் பிற்பாடு வாங்கியிருந்த புது சைக்கிளை லாரியில் ஏற்றினார்கள். பழைய கறுப்பு வண்டியை மட்டும் ஏற்றவில்லை. கொழுந்தன் லாரியின் முன்னால் ஏறி, "போலாம், ரைட்" என்றார். அவள் மாடிக்குத் திரும்ப ஓடிப்போய் என்னவோ செய்துவிட்டு வந்தாள். வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி.

"மாடியில வண்டியை மாட்டி வச்சிருக்கேன்க்கா. மொழு டயர்தான், சத்தம் வராது. மழை பேஞ்சா ஏறி உக்காருங்க, முட்டிக்கு நல்லது. லீவரைத் தள்ளாம காத்தை மிதிச்சுட்டு என்கிட்ட கதை விடக் கூடாது, சொல்லிட்டேன். காலையில போன் பண்ணுவேன். மிதிச்சு முடிச்சிருந்தா பேச வேணாம், மணியை மட்டும் அடிங்க. நான் கேட்டுக்கறேன்."